மாசத்துல ஒரு நாள்
'ஹேர்ஸ்பிரே' படத்தை முன்வைத்து

(மாணவர் வாசகர் வட்டத்தில், படம் திரையிட்ட பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படம் முடிஞ்சதும் நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. சிலபேரு இருக்கையில இருந்தபடியே ஆடினதையும் பார்த்தேன். தப்பில்லை. ஆடவைக்கிறதுக்குத்தான் இந்தப் படத்தை எடுத்திருக்கான். ஆனா ஒரு கேள்வி. ஒரு ஊரில் நடந்த தீண்டாமையைக் கதையாக வைத்துக்கொண்டு, கடைசியில் இவ்வளவு சந்தோஷமாக நம்மை வீட்டுக்கு அனுப்ப ஒரு படத்தால் எப்படி முடிகிறது? அந்தச் சந்தோஷத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தாமதமாக வந்த தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 1962. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிற ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஆடுகிறவர்கள் எல்லோரும் வெள்ளைப் பிள்ளைகள். கறுப்புப் பிள்ளைகளுக்கு மாசத்துல ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். டிரேசி என்கிற குண்டான வெள்ளைப் பெண், எல்லோருடைய கேலியையும் தாண்டி அந்த நிகழ்ச்சிக்குள் நுழைகிறாள். நுழைந்தபின் கறுப்புப் பிள்ளைகளும் எல்லா நாளும் ஆட வேண்டும் என்கிறாள். ஊர்வலம், போலீஸ், ஓட்டம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். சுபம்.

நாம் பார்த்தது 2007இல் ஆடம் ஷாங்க்மன் இயக்கிய படம். இது மூன்றாவது பிறவி. முதல் பிறவி 1988இல் ஜான் வாட்டர்ஸ் எழுதி இயக்கிய நகைச்சுவைப் படம். அதில் பழைய இசைத்தட்டுப் பாட்டுக்கு ஆடுவார்களே தவிர, கதாபாத்திரங்கள் பாட்டில் பேசமாட்டார்கள். இரண்டாவது, 2002இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறிய இசை நாடகம். மார்க் ஷேமன் இசை, அவரோடு சேர்ந்து ஸ்காட் விட்மன் பாடல்கள். 2003இல் எட்டு டோனி விருது வாங்கியது. 2009 ஜனவரி வரைக்கும் 2,600 தடவைக்கு மேல் நடந்தது. அந்த நாடகத்தைத் திரும்பவும் படமாக்கினார்கள். படம், நாடகம், மறுபடி படம்.

இது ஹாலிவுட்டில் ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. 2004இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' 2018இல் பிராட்வே நாடகமாகி, 2024இல் பாட்டுப் படமாகத் திரும்பி வந்தது. 1983இன் 'வேலி கேர்ள்' 2020இல் பாட்டோடு வந்தது. பெயர் ஏற்கெனவே தெரிந்த சரக்கு என்பதால் முதலாளிக்கு நட்ட பயம் குறைவு. பாட்டைத் தனியாக விற்கலாம். பள்ளிக்கூடங்களுக்கு நாடக உரிமையை விற்கலாம். வியாபாரத்தைப் பற்றி இது போதும். ஒரு கதை மறுபடி மறுபடி சொல்லப்படும்போது எது உதிர்கிறது, எது ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

முதலில் உண்மையில் நடந்ததைப் பார்ப்போம். படத்தில் வருவது போன்ற ஒரு நிகழ்ச்சி நிஜமாகவே பால்டிமோரில் இருந்தது. பெயர் 'பட்டி டீன் ஷோ'. 1957 செப்டம்பரிலிருந்து டபிள்யூ.ஜே.இசட் தொலைக்காட்சியில் வந்தது. வாட்டர்ஸ் அதைப் பார்த்து வளர்ந்தவர். கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனி நாள் என்பது அவர் கற்பனை செய்தது இல்லை, நிஜம். 1963இல் கறுப்பு, வெள்ளை இளைஞர்கள் ஏற்பாடு பண்ணி, சொல்லாமல் கொள்ளாமல் சேர்ந்து வந்து அந்த நிகழ்ச்சியில் ஆடினார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஊரே பார்த்தது. உடனே நிலையத்துக்கு மிரட்டல்கள் குவிந்தன. சேர்ந்து ஆட விடலாமா என்கிற கேள்விக்கு நிலையம் பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை.

என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? கடையையே மூடிவிட்டார்கள். 1964 ஜனவரி 4ஆம் தேதியோடு நிகழ்ச்சி முடிந்தது. உன்னோடு சேர்ந்து ஆடுவதைவிட நான் ஆடாமலே இருந்துகொள்கிறேன் என்கிற மனசு இது. இந்த மனசு நமக்குத் தெரியாததில்லை. பொதுக் கிணற்றில் எல்லோரும் இறைக்கலாம் என்று வந்தால், கிணற்றைத் தூர்த்துவிடுகிற மனசு.

ஆக, வரலாற்றில் இது தோல்வி. படத்தில் இது வெற்றி. நடக்காத சந்தோஷ முடிவைத் தன் படத்துக்கு வைத்தார் வாட்டர்ஸ். கனவு காண்பது கலைஞனின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. நடந்த தோல்வியைச் சொல்லாமல் நடக்காத வெற்றியை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் காட்டும்போதுதான் சிக்கல். பார்க்கிற வெள்ளைக்காரப் பிள்ளை, 'ஓ, எங்க தாத்தா காலத்திலேயே இதைச் சரிபண்ணிட்டாங்க போல' என்று நினைத்துக்கொள்ளும். தாத்தா சரிபண்ணவில்லை. தாத்தா தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்தார்.

இரண்டாவது கேள்வி. போராடியது யார்? படத்தில் டிரேசி. அவளுக்குத்தான் முதலில் தோன்றுகிறது, அவள்தான் ஊர்வலம் போகலாம் என்கிறாள். பால்டிமோரின் வரலாறு வேறு. 1955 ஜனவரியில், மார்கன் மாநிலக் கல்லூரியின் கறுப்பு மாணவர்கள் 'ரீட்ஸ்' என்கிற மருந்துக்கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். உலகமே பேசுகிற கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டம் 1960இல்தான் நடந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். 1963 பிப்ரவரியில் அதே கல்லூரி மாணவர்கள் நார்த்வுட் திரையரங்கில் நுழைவு கேட்டு நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். திரையரங்கு கதவைத் திறந்தது. 1963 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். பால்டிமோரை ஒட்டிய க்வின் ஓக் கேளிக்கைப் பூங்காவில் நுழைவு கேட்டுப் போனவர்களில் 280 பேருக்கு மேல் கைதானார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 28, மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய அதே நாளில், அந்தப் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு கறுப்புக் குழந்தையைக் குதிரை ராட்டினத்தில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். அந்த ராட்டினம் பிற்பாடு வாஷிங்டனுக்கே கொண்டுபோகப்பட்டது.

இது நிஜமான வெற்றி. 1988 படத்தில் இந்தப் பூங்காவின் சாயலில் ஒரு பூங்கா இருக்கிறது, அங்கே மறியலும் உண்டு. பாட்டுப் படமாக மாறியபோது பூங்கா போய்விட்டது. ஊர்வலம் தொலைக்காட்சி நிலையத்துக்குத் திரும்பிவிட்டது. நிஜத்தில் ஜெயித்த இடத்தைத் தூக்கிவிட்டார்கள். தோற்ற இடத்தை ஜெயித்ததாகக் காட்டுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் எந்தப் பிறவியிலும் இல்லை. கறுப்பு மக்கள் ஆடத் தெரிந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், வந்தவர்களுக்குச் சோறு போடத் தெரிந்தவர்கள். திட்டம்போடத் தெரிந்தவர்களாக மட்டும் வருவதே இல்லை.

மூன்றாவது, ஆட்டம் யாருடையது? நல்லா கவனிச்சீங்களா? டிரேசி எப்படி நிகழ்ச்சிக்குள் நுழைகிறாள்? பள்ளியில் தண்டனை வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே சீவீட் என்கிற கறுப்புப் பையனைப் பார்க்கிறாள். அவனுடைய ஆட்டத்தை ஆடிக் காட்டித்தான் அவளுக்கு இடம் கிடைக்கிறது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம். கற்றுக்கொண்டவள் கேமரா முன்னால். படம் இதை ஒரு வேடிக்கையாக, நட்பாகக் காட்டிவிட்டுக் கடந்துபோகிறது.

இதற்கும் வரலாறு உண்டு. மாத்யூ டெல்மாண்ட் என்கிற வரலாற்றாசிரியர் 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். பிலடெல்பியாவிலிருந்து நாடு முழுக்க ஒளிபரப்பான 'அமெரிக்கன் பாண்ட்ஸ்டாண்ட்' பற்றியது. அதை நடத்திய டிக் கிளார்க், 1950களிலேயே கறுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டோம் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை, கறுப்புப் பிள்ளைகளை வெளியே நிறுத்தத்தான் செய்தார்கள் என்று டெல்மாண்ட் ஆதாரங்களோடு காட்டினார். பக்கத்தில் வில்மிங்டன் ஊரில் மிட்ச் தாமஸ் என்கிற கறுப்பர் 1955 முதல் 1958 வரை கறுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு ஆட்ட நிகழ்ச்சி நடத்தினார். வெள்ளைப் பிள்ளைகள் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்து, புது ஆட்டங்களைப் படித்துக்கொண்டுபோய் 'பாண்ட்ஸ்டாண்டில்' ஆடினார்கள். பேர் அவர்களுக்கு. மிட்ச் தாமஸ் நிகழ்ச்சி மூன்றே வருடத்தில் நின்றது.

1988 படத்தில் மேபெல் பாத்திரத்தில் நடித்தவர் ரூத் பிரவுன். 1950களில் அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பெனியே இவருடைய குரலால் வளர்ந்தது என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் 1960களில் வீட்டு வேலை செய்தும் பள்ளிக்கூட வண்டி ஓட்டியும் பிள்ளைகளைக் காப்பாற்றினார். தன் பாட்டுக்குச் சேரவேண்டிய பங்குத்தொகைக்காக வருடக்கணக்கில் சண்டைபோட்டார். பழைய கறுப்புக் கலைஞர்களுக்கு உதவும் ஒரு அறக்கட்டளை 1988இல் அந்தச் சண்டையிலிருந்துதான் பிறந்தது. அதே வருடம்தான் இந்தப் படமும் வந்தது. எந்த இசைக்கு நாம் ஆடினோமோ அந்த இசையை உண்டாக்கியவர்களின் கதை, கதைக்கு வெளியேதான் நிற்கிறது. பறையை அடிக்கிறவன் தெருவில் நிற்க, கலையின் பெருமையை வேறொருவன் மேடையில் பேசுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, பாட்டு என்கிற வடிவம் என்ன செய்கிறது? பாட்டு ஒரு சிக்கலை நாலு நிமிஷத்தில் கட்டி முடித்துவிடும். தீண்டாமை என்பது பள்ளிக்கூடம், குடியிருப்பு, போலீஸ், விளம்பரக் கம்பெனி எல்லாம் சேர்ந்த கட்டமைப்பு. அதை நாலு நிமிஷத்தில் முடிக்க முடியாது. அதனால் ஒரு வில்லி வேண்டும். நிலையத்தின் மேலாளர் வெல்மா. எல்லாப் பாவத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டால் மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள். கடைசியில் அவளுக்கு வேலை போகிறது. எதற்காக? கறுப்புப் பிள்ளைகளை ஒதுக்கியதற்காக அல்ல. ஓட்டு எண்ணிக்கையில் மோசடி செய்ததற்காக! இனவெறிக்கு அந்தப் படத்தில் யாருக்கும் தண்டனையே இல்லை தோழர்களே.

இப்படிச் சொல்வதால் இந்தப் படத்தைத் தூக்கி எறி என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதற்குள்ளேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஊர்வலத்தில் குயின் லத்தீஃபா பாடுகிறாரே, அந்தப் பாட்டு 1988 படத்தில் கிடையாது. நாடகத்துக்காக எழுதப்பட்டது. எழுதியபோது, சோகமாக இருக்கிறது, பிரசங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று கூட வேலைசெய்தவர்களே நெருக்கியதாக ஷேமன் பதிவு செய்திருக்கிறார். முக்கியமான பாட்டை டிரேசிதான் பாட வேண்டும் என்றும் சொன்னார்களாம். கறுப்பு மக்களைப் பின்னணியாக வைக்கிற இன்னொரு கதையாக இது ஆகிவிடக்கூடாது என்று அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் மேபெல் பாடுகிறாள். அந்த நாலு நிமிஷம் யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அதுபோல, மேடையில் மகுடம் டிரேசிக்குப் போனது. 2007 படத்தில் கறுப்புச் சிறுமி ஐனெஸுக்குப் போகிறது. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. ஒவ்வொரு பிறவியிலும் கேள்வி கேட்டவர்கள் இருந்ததால் கதை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது.

பழைய படத்தில் இருந்து புதுசில் காணாமல் போனது இன்னொன்று. அந்த அம்மா பாத்திரத்தில் 1988இல் நடித்தவர் டிவைன். பெண் வேடமிட்டு, சமூகம் முகம் சுளித்த எல்லாவற்றையும் தன் உடம்பால் செய்து காட்டிய கலைஞர். படம் வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார். வாட்டர்ஸின் படத்தில் குண்டுப் பெண், பெண் வேடக் கலைஞர், கறுப்புப் பிள்ளைகள் எல்லோரும் 'அசிங்கம்' என்று ஒதுக்கப்பட்ட உடல்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்வது என்கிற அரசியல் அதில் இருந்தது. புதுப் படத்தில் அந்த அம்மா, ரப்பர் உடம்பு மாட்டிய ஜான் டிரவோல்டா. உலகம் அறிந்த நட்சத்திரம். சிரிப்பு இருக்கிறது. கலகம் கழன்றுபோய்விட்டது.

இன்னொரு கூத்தைச் சொல்கிறேன். இந்த நாடகத்தைப் பள்ளிக்கூடங்களும் ஊர்க் குழுக்களும் போடும்போது, கறுப்பு நடிகர்கள் இல்லாவிட்டால் வெள்ளையர்களே கறுப்பர் பாத்திரங்களில் நடித்துக்கொள்ளலாம் என்று பல வருடம் அனுமதி இருந்தது. சேர்ந்து ஆடுவதைப் பற்றிய நாடகத்தைச் சேராமலே போட்டுக்கொள்ளலாம்! 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் தெருக்கள் கொதித்த வருடத்தில்தான், பாத்திரம் எந்த இனமோ அந்த இனத்தவர்தான் நடிக்க வேண்டும் என்று நாடகத்தை எழுதியவர்கள் விதியை மாற்றினார்கள். முதல் மேடையேற்றத்துக்கும் இதற்கும் இடையில் 18 வருடம்.

அதே பால்டிமோரில் 2015 ஏப்ரலில் ஃபிரெடி கிரே என்கிற 25 வயதுக் கறுப்பு இளைஞர், போலீஸ் பிடியில் ஏற்பட்ட காயத்தால் இறந்தார். ஆறு போலீசார் மீது வழக்கு. ஒருவருக்கும் தண்டனை இல்லை. வழக்கு 2016 ஜூலையில் கைவிடப்பட்டது. அதே 2016 டிசம்பரில் இந்த நாடகத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாக நடத்தினார்கள். பால்டிமோர் நகரத்துக்குக் காலை வணக்கம் சொல்லித்தான் அது தொடங்கும்.

அமெரிக்கக்காரன் படத்தைப் பற்றி நாம் எதற்கு இவ்வளவு பேசணும்னு யாராவது கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐ.நா. அவைக்குக் கறுப்பு மக்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர்களுடைய மனுவை அவர் படிக்க விரும்பினார். அவர்களைப் பற்றிய படங்களையும் நாம் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடிக்கொண்டே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வெற்றி நிஜத்தில் நடந்ததா? நடந்ததென்றால், சிறைக்குப் போனது யார்? ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? நாளைக்கு நம் போராட்டத்தையும் ஒருத்தன் பாட்டோடு படமெடுப்பான். அப்போதும் இந்த மூன்று கேள்விதான்.

விவாதத்தைத் தொடங்கலாம் தோழர்களே.