ஓர் அறை, இரண்டு மேசை



நாம் வாழும் இந்த இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்று ஒரு நிலக்கரி ஊர். அங்கே 1934-இல், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வழியாகச் சுரங்கத் தொழிலாளர் சிலர் ஓவிய ரசனை படிக்கக் கூடினார்கள். ஆசிரியராக வந்த ராபர்ட் லயன் பழைய மேதைகளின் படங்களைக் காட்டினார். அவர்கள் மனத்தில் அவை ஒட்டவில்லை. அப்படியானால் நீங்களே வரையுங்கள் என்று விட்டுவிட்டார். பகலெல்லாம் கரி வெட்டிய கைகள் மாலையில் தூரிகை பிடித்தன. குனிந்து வெட்டும் தோழன், சுரங்கத்துக் குதிரை, காய்கறித் தோட்டம், வீட்டு அடுப்படி என்று தங்களுக்குத் தெரிந்ததையே வரைந்தார்கள். 1936-இல் நியூகாசிலில் கண்காட்சி வைத்தார்கள். அந்தக் குழு ஏறத்தாழ 50 ஆண்டுகள் கூடிக்கொண்டே இருந்தது. ஆலிவர் கில்போர்ன் போன்றவர்கள் முதுமைவரை வரைந்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் உட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

'நமக்கெல்லாம் வரைய வராது' என்று சொல்லும் நம்மவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பகுதி யு3ஏ ஓவியக் குழுவில் சேர்ந்தேன். மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற இந்த ஏற்பாடு 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கி, 1982-இல் பிரிட்டனுக்கு வந்தது. இங்கே தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார், அவ்வளவுதான்.

நாங்கள் பெரும்பாலும் நீர்வண்ணம் தீட்டுகிறோம். தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டி, முழுக்க நனைத்து, நீலத்தைத் தொட்டு வைத்தால் அது தன் போக்கில் பரவும். பலகையை இப்படியும் அப்படியும் சாய்த்து வழிவிடலாமே தவிர, அடக்க முடியாது. பிறகு காயும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பேச்சு பிறக்கிறது. நேருக்கு நேர் உட்கார்ந்து 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்பதோடு முடிந்துவிடும். கண் தாளின்மேல் இருக்கும்போதோ முட்டிவலி, மகனின் மனக்கசப்பு, இறந்துபோன தம்பி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எங்களில் ஒருவர் தபால்துறையில் வேலை பார்த்தவர். மனைவியை அடக்கம் செய்த அடுத்த வாரமே வந்துவிட்டார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் அவருடைய தாளை ஒட்டிக்கொடுத்தார். இன்னொருவர் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை, ஆனால் கடைசிவரை எங்களோடு இருந்தார். இன்று எனக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதலில் வந்து கதவைத் தட்டுபவர் அவர்தான். அறுபதுக்கு மேல் புது நட்பு வாய்க்காது என்பார்கள். நான் அதை ஏற்கவே மாட்டேன்.

ஒருநாள் கும்பகோணத்து அம்மா ஒருவரை எங்கள் குழுவுக்கு அழைத்துப்போனேன். 'எனக்குப் பென்சில் பிடிக்கவே வராதே தம்பி' என்றார். கோலம் போடுங்கள் அம்மா என்றேன். நடுவில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் 1 வரை குறைத்து, வைத்த கை எடுக்காமல் சிக்குக் கோலத்தைச் சுற்றி முடித்தார். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்ததைக் கண்டு எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவர்தான் ஆசிரியர். வளைவில் வழி தவறியவர்களின் விரலைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

இப்படி எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், வயல் பார்த்தவர்கள், ஒரு பெரிய குடும்பத்தையே கட்டி ஆண்டவர்கள். பிள்ளைகள் அழைத்தார்கள் என்று இங்கே வந்தார்கள். வசதிக்குக் குறைவில்லை, பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை. சனிக்கிழமை பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் நடைவழி நாற்காலியில் மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் அமர்த்துகிறோம். அந்த மரியாதை வேண்டும். அதோடு, அவர்கள் கைக்கு ஒரு வேலையும் வேண்டும்.

நம் சங்கச் செயற்குழுவிடம் நான் கேட்பது இதுதான். பள்ளி நடக்கும் அதே நேரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் அறையும் நீளமான இரண்டு மேசையும் கொடுங்கள். தாளும் வண்ணமும் நான் கொண்டுவருகிறேன். போட்டி, பரிசு, நடுவர் எதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தாரும் மதுரைக்காரரும் பக்கத்துத் தெரு ஆங்கிலேயரும் சேர்ந்தே உட்காரட்டும். வீட்டில் அம்மா, அப்பா, மாமியார், மாமனார் இருப்பவர்களே, 'அவர்களுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஒருமுறை அழைத்து வாருங்கள்.