களர் மண்ணில் காய்கறி: மேட்டுப்பாத்தி அமைக்கும் முறை

(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



திருச்சி மாவட்டத்தின் மணிகண்டம் வட்டாரம் போன்ற பகுதிகளில் களர் நிலம் மிகுதி. களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1 போன்ற நெல் இரகங்கள் இருப்பதால் வயலில் எப்படியோ நெல் எடுத்துவிடுகிறோம். ஆனால் கொல்லையில் கீரை விதைத்தால் முளைப்பதில்லை, முளைத்தாலும் கருகிவிடுகிறது. இத்தகைய இடத்தில் மேட்டுப்பாத்தி அமைத்துக் காய்கறி பயிரிடலாம். அதற்கு முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பாத்தியா, தொட்டியா?

2021-ஆம் ஆண்டில் ஒரு பண்ணை வீட்டில் மேட்டுப்பாத்தி அமைக்க யோசனை சொன்னேன். வீட்டுக்கார அம்மா ஓர் ஆட்டை விற்றுச் செங்கல்லும் செம்மண்ணும் இறக்கினார். நான்கு பக்கமும் செங்கல் வைத்துப் பூசி, நல்ல மண்ணும் எருவும் நிரப்பினோம். தை மாதத்தில் கத்தரியும் கீரையும் செழித்தன. சித்திரையில் மேல்மண்ணில் வெள்ளை பூத்தது. இலை ஓரங்கள் தீய்ந்தன. "மண்ணு நல்ல மண்ணுதானே சார், பின்னே ஏன் கருகுது?" என்று அவர் கேட்டார். தோண்டிப் பார்த்தால் அடியில் ஒரே சேறு. பாத்தி என்று நான் கட்டச் சொன்னது, வடிய வழியில்லாத தொட்டியாக இருந்தது.

களர் மண்ணில் சோடியம் மிகுதியாக இருப்பதால் களித்துகள்கள் கரைந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. ஆகவே பாத்தியில் ஊற்றும் நீர் கீழே இறங்காமல் தேங்குகிறது. வெயிலில் அந்த நீர் உப்புடன் மேலே ஏறி ஆவியாகிறது. உப்பு மட்டும் வேர்ப்பகுதியில் தங்கிவிடுகிறது. எனவே பாத்தியின் உயரத்தைவிட வடிகாலே முக்கியம்.

களரை அறிவது எப்படி?

ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீர் எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்லப் போட்டு அசைக்காமல் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் களர் என்று ஐயுறலாம். மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். வெளியிலிருந்து கொண்டுவரும் செம்மண்ணையும் ஏரி வண்டலையும் இவ்வாறே சோதித்த பின்னரே இறக்க வேண்டும். பாசன நீரையும் பரிசோதிப்பது அவசியம். ஆழ்துளைக் கிணற்று நீரே காரமாக இருந்தால் நல்ல மண்ணும் நாளடைவில் களராகிவிடும்.

அமைக்கும் முறை

பாத்தி 10 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம் இருக்கலாம். இருபுறமும் நின்று கை எட்டும் அகலம் இது.

1. பாத்தியைச் சுற்றி ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, தாழ்வான பக்கம் சரிவு கொடுங்கள். வடியும் நீர் அண்டை வயலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பாத்தியின் அடித்தரையைக் கடப்பாரையால் அரை அடி ஆழம் கிளறி, பொடித்த ஜிப்சம் இடுங்கள். பரிசோதனை முடிவில் ஏக்கருக்கு 1 டன் என்று இருந்தால், இந்த 40 சதுர அடிக்கு ஏறத்தாழ 1 கிலோ என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பிறகு நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்யலாம். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை விலக்க, விலகிய சோடியம் நீருடன் வெளியேறும். நீர் வடியாவிட்டால் ஜிப்சம் இட்டும் பயனில்லை.

3. அதன்மேல் 3 அங்குலம் செங்கல் உடைசல் அல்லது சரளை பரப்புங்கள். கீழிருந்து உப்பு ஏறுவதை இது தடுக்கும். ஓரத்துக்குக் கல், செங்கல், பனந்துண்டு எதுவும் வைக்கலாம். அடி வரிசையில் நீர் கசிய இடைவெளி விட வேண்டும்.

4. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். செம்மண் மணற்பாங்காக இருந்தால் மணல் தேவையில்லை. பச்சைச் சாணம் போடாதீர்கள். வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் வரும். மண் அமுங்கும் என்பதால் சிறிது கூடுதலாகவே கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிரும் நீரும்

முதலில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி விடுவது நல்லது. அடுத்து உப்பை ஓரளவு தாங்கும் கொத்தவரை, பாலக் கீரை, பீட்ரூட் ஆகியவற்றைப் பருவம் பார்த்துப் பயிரிடலாம். வெங்காயமும் பீன்சும் உப்பைத் தாங்கா. பாத்தி நன்கு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் மேலாகத் தெளிப்பது மட்டும் போதாது. வாரம் ஒரு முறையாவது வாய்க்காலில் நீர் கசியும் அளவுக்குப் பூவாளியால் ஊற்றுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடாக்கு இட்டால் ஆவியாதல் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழை பாத்தியில் இறங்கி உப்பைக் கழுவிச் செல்ல, அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர் எடுத்து வையுங்கள்.

அந்த அம்மாவின் பாத்தியிலும் அடி வரிசைச் செங்கல்லைப் பெயர்த்து, வாய்க்கால் எடுத்து, ஜிப்சம் இட்டு மீண்டும் நிரப்பினோம். அடுத்த பட்டத்தில் கொத்தவரை காய்த்தது. ஆனாலும் அவருக்கு ஓர் ஆண்டும் ஓர் ஆட்டின் விலையும் போனது போனதுதான். உங்களுக்கு அந்த நட்டம் வேண்டாம். ஒரு வண்டி மண் இறக்கும் முன், உங்கள் கொல்லை மண்ணையும் கிணற்று நீரையும் அருகிலுள்ள பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டு முடிக்கிறேன்.