மாயாபந்தர் லாட்ஜுகளும் கொரோனாவுக்குப் பின் வந்த மீட்சியும்

(நம் சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பெருந்தொற்றுக்குப் பின் ஹோட்டல் நிர்வாகம்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் ஹோட்டல் நடத்தியவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். அதில் சில வருஷங்கள் அந்தமானில், மாயாபந்தரில் இருந்தேன். ஆகவே நட்சத்திர ஹோட்டல்களை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றியே சொல்கிறேன்.

போர்ட் பிளேருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். அங்கிருந்து டிரங்க் ரோடில் வடக்கே சுமார் 240 கி.மீ. போக வேண்டும். நடுவில் ஜாரவா மக்களின் காட்டுப் பகுதியைக் கான்வாயாகத்தான் கடக்க முடியும். இத்தனை சிரமம் எதற்கு என்று பாதிப் பேர் ஹேவ்லாக்கோடு திரும்பிவிடுவார்கள். வருகிறவர்களுக்கு ஆமைகள் முட்டையிடும் கர்மாடாங் கடற்கரையும், 1925-ல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் வெபி கிராமமும் உண்டு. தங்குவதற்கு சர்க்கார் விருந்தினர் இல்லம், சில லாட்ஜுகள். டீலக்ஸ் சௌகரியங்களை எதிர்பார்க்கக் கூடாது!

ஹோட்டல் அறை என்பது மின்சாரம் மாதிரி. நேற்று இரவு காலியாகக் கிடந்த அறையைச் சேமித்து வைத்து இன்றைக்கு விற்க முடியாது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது அத்தனை அறையும் ஒரே சமயத்தில் காலி. அந்தமானில் மே மாதமே மழை பிடித்துக்கொள்ளும். பூட்டிக் கிடந்த அறைகளில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து மெத்தை பூஞ்சணம் பிடித்தது, ஏ.சி. மிஷின் துருப்பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாயில் மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவரைத் திறந்தால் பறக்கும் திவலையோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா கொடுக்கும். அதனால்தான் மூடிய விடுதியைத் திறக்குமுன் தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து நன்றாக ஓடவிட வேண்டும் என்றார்கள். வாசலில் சானிடைசர் வைத்த பலர் இதைச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அந்த ஊரில் எட்டு அறை லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் எனக்கு வெகுநாள் பழக்கம். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஊரடங்கு வந்ததும் வாங்கிய முன்பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலைப் பையன்களில் இரண்டு பேரை மட்டும் சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டார். பிறகு, 2020 மே மாதம் மத்திய சர்க்கார் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை நம்பி பேங்குக்குப் போனார்.

அங்கே கேட்ட முதல் கேள்வி, "2020 பிப்ரவரி 29-ல் உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி?"

"ஒன்றுமில்லை."

"அப்படியானால் இந்தத் திட்டம் உங்களுக்கு இல்லை."

திட்டம் அப்படித்தான் இருந்தது. பழைய கடன் பாக்கியில் 20 சதவீதம் புதிதாகத் தருவார்கள். 2021 மார்ச்சில் ஹோட்டல்களையும் சேர்த்து 40 சதவீதம் ஆக்கினார்கள். 2022 பட்ஜெட்டில் ஹோட்டல் வகையறாத் தொழில்களுக்கென்றே 50,000 கோடி கூட்டினார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பூஜ்யத்தில் 40 சதவீதமும் பூஜ்யம்தானே! "சார், கடன் வாங்காம இருந்தது குத்தமா?" என்று அவர் போனில் கேட்டார். நானும் இப்படிப்பட்ட விதிகளை அமல்படுத்திய ஆபீஸில் இருந்தவன்தான். பேங்குக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்காக இருந்தால் பணம் சீக்கிரம் போய்ச் சேரும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது. கடைசியில் வீட்டம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் பெயின்ட் அடித்து, மெத்தை மாற்றினார்.

மீட்சி என்று பத்திரிகைகள் எழுதுவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019-ல் சுமார் 1 கோடியே 9 லட்சம். 2021-ல் 15 லட்சம். 2024-லும் ஒரு கோடியைத் தொடவில்லை. ஆனால் பெரிய ஹோட்டல்களின் வருமானம் 2023-லேயே பழைய அளவைத் தாண்டிவிட்டது. உள்நாட்டுப் பயணிகளும் கல்யாணங்களும் கைகொடுத்தன. முக்கியமாக அறை வாடகையை ஏற்றினார்கள். மாயாபந்தரில் வாடகையை ஏற்றினால் வருகிறவர் ரங்கத்திலேயே தங்கிவிடுவார்.

நல்லதும் நடந்தது. 2020 ஆகஸ்ட் 10-ல், தொற்றின் நடுவிலேயே, சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் அந்தமானுக்கு வந்தது. அது ரங்கத்திலும் கரையேறுகிறது. முன்பெல்லாம் ஒரு ஈ-மெயில் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இப்போது நண்பர் போனிலேயே முன்பணம் வாங்குகிறார். இணையத்தில் புக்கிங் செய்துகொடுக்கும் கம்பெனிகள் கமிஷன் பிடிப்பதால் அவற்றில் நாலு அறையை மட்டும் போட்டிருக்கிறார். வேலைப் பையன்கள் கிடைப்பதுதான் கஷ்டம். ஊருக்குப் போனவர்களில் ஒருவன்தான் திரும்பினான். அதனால் துணி மடிப்பதும் ரசம் வைப்பதும் இப்போது முதலாளியேதான்.

நம் அங்கத்தினர்கள் குழுவாகப் போவதானால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். நேராக லாட்ஜுக்கே போன் பண்ணிப் பேசுங்கள், வாடகையும் குறையலாம். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். காய்கறியில் பாதி கப்பலில் வருகிறது.