எல்லையைக் கடக்காத பயணமும் எல்லைக் காவலும்



2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியரைச் சுமந்துகொண்டு அமிர்தசரஸில் இறங்கியது. பயணம் நெடுகக் கைகால்களில் விலங்கிடப்பட்டிருந்ததை அவர்கள் விவரித்தபோது நாடு கொதித்தது. ஆனால் அங்கே குடியேறிய உழைப்பாளியின் அச்சம் அந்த விமானத்தில் தொடங்குவதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு நகரிலிருந்து மறு நகருக்குச் செல்லும் சாதாரண விமானத்தின் வாசலில் அது தொடங்குகிறது.

டெக்சாஸின் தென்கோடியில் மெக்ஆலன் என்ற நகரம் உள்ளது. தெற்கே மெக்சிகோ எல்லை. வடக்கே நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச்சாவடி. ஆவணமற்றவர் சாலை வழியாகவும் வெளியேற முடியாது. விமான நிலையத்திலும் அதே படை நிற்கிறது. ஜோஸ் அந்தோனியோ வர்காஸ் என்ற பத்திரிகையாளர், தமக்கு ஆவணம் இல்லை என்று 2011இல் தாமே எழுதி அறிவித்தவர். பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டைக் காட்டி நாடு முழுவதும் பறந்துகொண்டிருந்த அவர், 2014 ஜூலையில் மெக்ஆலன் விமான நிலையத்தில் பிடிபட்டார். சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டார். அவர் புகழ்பெற்றவர், பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சில மணி நேரம் வாய்க்காது.

விமானத்தில் ஆயுதம் ஏறாமல் தடுப்பதற்காக 2001 நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவாக்கப்பட்டது. 2003இல் அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் சென்றது. எல்லைக் காவலும் நாடு கடத்தும் அமைப்பும் அதே கூரையின்கீழ் வந்தன. ஒரு மேசையின் தகவல் அடுத்த மேசைக்குப் போக எவ்வளவு காலம் ஆகும்? பயணிகளின் பெயர்ப்பட்டியல் குடியேற்ற அமலாக்கத்துக்கு வாரந்தோறும் பலமுறை தரப்படுவதை 2025 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அதற்கு முந்தைய மாதம், விடுமுறைக்காக டெக்சாஸிலுள்ள பெற்றோரைக் காணப் புறப்பட்ட ஒரு கல்லூரி மாணவி, பாஸ்டன் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு ஹோண்டுராஸுக்கு அனுப்பப்பட்டார். நீதிமன்றத் தடை இருந்தும் அனுப்பப்பட்டார்.

2005இன் ரியல் ஐடி சட்டம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 மே 7 அன்று விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்பூர்வ இருப்பை மெய்ப்பிக்காதவருக்கு அந்த அட்டை கிடையாது. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டலாம். ஆனால் விசா இல்லாத கடவுச்சீட்டு, பயணியை உள்ளே விடும் அதே நொடியில் அவரைக் காட்டியும் கொடுக்கிறது. தஞ்சம் கோரி வருவோர் முறையாக முன்பதிவு செய்யத் தரப்பட்ட கைபேசிச் செயலி, 2025இல் தாமாக வெளியேறுவதைப் பதிவு செய்யும் செயலியாக மாற்றப்பட்ட கொடுமையும் நடந்தது.

ஆவணமற்ற அனைவரையும் வெளியேற்றுவதா நோக்கம்? அந்நாட்டின் பயிர்த்தொழிலாளரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குச் சட்ட அந்தஸ்து இல்லை. அவர்கள் போய்விட்டால் அறுவடை நின்றுவிடும். முதலாளிக்குத் தேவைப்படுவது, போக முடியாத தொழிலாளி: கூலி குறைந்தாலும் வேறு மாநிலத்துக்கு வேலை தேடிப் பறக்க அஞ்சுபவர், சங்கக் கூட்டத்துக்கு வரத் தயங்குபவர். ஆவணம் உள்ளவரையும் இவ்வச்சம் விடுவதில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையிழந்தால், வேறு வேலை தேடவோ வெளியேறவோ அதிகபட்சம் 60 நாள்தான்.

விலங்கிடுதல் 2012 முதலே உள்ள நடைமுறை என்று மாநிலங்களவையில் விளக்கம் தந்தார் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர். ராணுவ விமானத்தை ஏற்க மறுத்துச் சொந்த விமானங்களை அனுப்பித் தன் மக்களை அழைத்துவந்தது கொலம்பியா. டெல்லிக்கு அந்தத் துணிவு வரவில்லை.

வருவதற்கு வாய்ப்பும் இல்லை. அதே 2025 ஜூலையில், டெல்லியை அடுத்த குருகிராமில் வங்க மொழி பேசும் தொழிலாளர்கள், வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் சமுதாயக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். ஆதாரும் வாக்காளர் அட்டையும் காட்டியவர்களும் அவர்களில் உண்டு. அஞ்சிய குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் திரும்பின. குப்பை அள்ளவும் வீட்டு வேலை செய்யவும் ஆளில்லை என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் புலம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.