டெங்கு வாட்டில் ஒரு பிளட் பிக்சர்



மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். ஆகவே திருகோணமலையில் குருதியைப் பற்றித் தமிழில் பேச எனக்குக் கூச்சமில்லை. சொல் முட்டினால், குருதியை ஸ்லைடில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதைப் பிளட் பிக்சர் என்றே சொல்லிவிடுவேன். வாட்டில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

இறுதிப் பரீட்சை வினாத்தாளில் வரும் லுக்கீமியா நோயாளி நல்ல மனிதர். களைப்பு, காய்ச்சல், முரசில் இரத்தம் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் சொல்லி, ஸ்லைடில் அவுவர் கோல்களையும் காட்டிவிடுவார். எங்கள் ஊருக்கு அவர் அப்படி வருவதில்லை. மாரி மழைக்குப் பிறகு, டெங்கு வாட்டில், நுளம்பு வலைக்குள் படுத்திருப்பார். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 180,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். காய்ச்சலும் குறைந்த பிளேட்லெட்டும் என்றால் கை தானாகவே டெங்கு என்று எழுதும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எனக்குப் பயம் அங்கேதான்.

டெங்குவில் குருதி நீர் கசிவதால் குருதி தடிக்கும், ஈமோகுளோபின் ஏறும். காய்ச்சல் விட்டுச் சில நாளில் பிளேட்லெட் மீளும். இரண்டாம் கிழமையும் அது எழும்பவில்லை, இரத்தப்போக்கு இல்லாமலே ஈமோகுளோபின் இறங்குகிறது, நியூட்ரோபில் அருகிவிட்டது என்றால், இன்னொரு முழுக் குருதி எண்ணிக்கைக்கு, அதாவது எஃப்.பி.சி.க்கு, அனுப்பிவிட்டுக் காத்திராதீர்கள். நுணுக்குக்காட்டிக்குப் போங்கள். இயந்திரம் லிம்போசைட் என்று எண்ணியவை பிளாஸ்ட் கலங்களாக இருக்கலாம்.

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவில் இந்தத் தாமதம் உயிர் வாங்கும். 15ஆம் 17ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது அது. ஆரம்ப நாள்களில் கொல்வது பெரும்பாலும் இரத்தப்போக்கு. அட்ரா மாத்திரை வந்த பிறகு அது நன்றாகக் குணமாகும் லுக்கீமியாக்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்த மாத்திரையை மரபணு முடிவு வரும்வரை காத்திராமல், சந்தேகத்திலேயே தொடங்க வேண்டும். மகரகம புற்றுநோய் வைத்தியசாலை இங்கிருந்து கிட்டவா? சந்தேகம் இங்கேயே, இந்தத் துறைமுகப் பட்டினத்திலேயே பிறக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பிளேட்லெட் 20,000 என்கிறது ரிப்போர்ட். ஆளோ கட்டிலில் இருந்து இடியப்பம் சாப்பிடுகிறார். ஈ.டி.டி.ஏ. குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். ஸ்லைடின் ஓரத்தில் அந்தக் கட்டிகள் தெரியும். சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் சந்தேகம் தீரும்.

இனி என் பிழை ஒன்று. பயிற்சிக் காலத்தில் ஒரு கர்ப்பிணித் தாயின் செங்குழியங்கள் சிறியவை என்பதற்காக மாதக்கணக்காக இரும்பு மாத்திரை கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவரை ஏசியும் இருக்கிறேன். செங்குழிய எண்ணிக்கை உயர்ந்தே இருந்தது, செங்குழியத்தின் சராசரிக் கனவளவான எம்.சி.வி.யை அதனால் வகுத்திருந்தால் 13க்குக் கீழே வந்திருக்கும். அவர் பீட்டா தலசீமியாக் காவி. வகுத்தல் கணக்கு வழியைத்தான் காட்டும். தீர்ப்பைச் சொல்வது ஈமோகுளோபின் ஏ2, அதுவும் 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால். இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் அந்த அளவு இறங்கி நம்மை ஏமாற்றலாம். கணவனுடைய குருதியைப் பார்க்க வேண்டுமென்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இருவரும் காவிகளென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலசீமியா நோய் வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மலேரியா இந்த நாட்டை விட்டுப் போய்விட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அது நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்த்த தலசீமியா மரபணு போகவில்லை.

முதல் அமர்வுக்குப் பக்கத்து மண்டபத்தில் நுணுக்குக்காட்டிகளை வைத்திருக்கிறோம். ஸ்லைடுகளோடு வயதும் காய்ச்சல் நாளும் மட்டும் தரப்படும், எஃப்.பி.சி. தாள் என் பையில் இருக்கிறது. பார்த்ததை எழுதித் தந்த பிறகு வந்து கேளுங்கள்.