கரையேறும் பழைய டிராக்டர்

பழைய டிராக்டரை வயலிலிருந்து கரைமேல் ஏற்றும்போது கிளட்சைச் சட்டென்று விடாதீர்கள். பின்சக்கரம் சேற்றில் சிக்கி நின்றுவிட்டால், இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஒன்றிரண்டு நொடிதான், குதிக்க நேரமிருக்காது. கரை செங்குத்தாக இருந்தால் ரிவர்ஸில் ஏற்றுங்கள். சங்கிலி கட்டி இழுப்பதானால், பின் அச்சுக்கு மேலே கட்டவே கூடாது.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். மேலேயே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணையுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைக்கும் வழக்கத்தை, தயவுசெய்து, இன்றோடு விடுங்கள்.

வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைச் சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. நம் பழைய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. உங்கள் வண்டிக்குப் பொருத்த முடியுமா என்று டீலரிடம் கேளுங்கள். பொருத்தியதும் சீட் பெல்ட்டையும் மறக்காமல் போடுங்கள்.