இணைத்தால் மட்டும் போதுமா?



நான் படித்தது பொதுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. மேகக் கணினியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பட்டுத் தெரிந்துகொண்ட தகுதிதான்!

எங்கள் நிகழ்ச்சிக்காகத் தோட்டப்புறப் பெரியவர்களின் குரல்களைப் பதிவு செய்து வந்தோம். அவற்றைச் சேமிக்கும் செயலி, வாடகை மேகக் கணினியில் யூனிகெர்னல் முறையில் ஓடியது. வழக்கமான கணினியில் லினக்ஸ் போன்ற முழு இயங்குதளம் இருக்கும். யூனிகெர்னலில் ஒரு செயலியும் அதற்குத் தேவையான சிறு பகுதிகளும் மட்டுமே ஒரே கட்டாக இருக்கும். 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மிராஜ் திட்டத்தின் வழி இதைப் பரவலாக அறியச் செய்தார்கள். நானோஸ் என்பது இதே வகையில் இன்னொன்று. விரைவாகத் தொடங்கும், திருடன் நுழைய வழி குறைவு. ஆனால், கோளாறு வந்தால் நாமும் உள்ளே நுழைந்து பார்க்க முடியாது!

ஒரு நாள் செயலியின் புதிய பதிப்பை ஏற்றினோம். மூன்று வாரப் பதிவுகளைக் காணவில்லை. தொழில்நுட்பம் பார்க்கும் தம்பி சொன்னார்: "அக்கா, வட்டு இணைந்துதான் இருக்கு. ஆனா, அதுல ஒண்ணுமே எழுதப்படலை."

வட்டின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதனால் அது மவுண்ட் ஆகவில்லை. செயலியோ எதுவும் சொல்லாமல் தன் சொந்தக் கட்டுக்குள்ளேயே எழுதி வந்திருக்கிறது. புதிய கட்டு வந்ததும் பழையது அழிந்தது.

வட்டை இணைப்பது வேறு, மவுண்ட் செய்வது வேறு. வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது என்பதற்காகத் தொட்டியில் நீர் விழும் என்று சொல்ல முடியுமா?

ஆகவே, வரிசையாகப் பாருங்கள். முதலில், வட்டும் கணினியும் ஒரே மண்டலத்தில் உள்ளனவா? அமேசானின் இபிஎஸ் வட்டை அதே மண்டலத்துக் கணினியோடுதான் இணைக்க முடியும். இரண்டாவது, கட்டு உருவாக்கும்போது கொடுத்த வட்டுப் பெயரும் கோப்புறையும் எழுத்துக்கு எழுத்து சரியா? மூன்றாவது, அந்த வட்டுக்குரிய டிரைவர் கட்டுக்குள் இருக்கிறதா? நான்காவது, வட்டின் கோப்பு அமைப்பு அந்த யூனிகெர்னலுக்குப் புரியுமா? நானோஸ் பயன்படுத்துவது டிஎஃப்எஸ். லினக்ஸில் தயாரித்த வட்டு அதற்கு அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள். இவற்றுக்கெல்லாம் துப்புக் கிடைக்கும் இடம், கணினி தொடங்கும்போது கன்சோலில் விழும் வரிகள்.

இப்போது வட்டுக்குள் ஓர் அடையாளக் கோப்பை வைத்திருக்கிறோம். அது கண்ணில் படாவிட்டால் செயலி தொடங்கவே மறுக்கும். மௌனமாக ஓடி ஏமாற்றுவதைவிட, சத்தம் போட்டு நிற்பது மேல் அல்லவா? புதிய கட்டை ஏற்றி, பழைய பதிவு கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

தொலைந்த பதிவில் ஒரு பாட்டியின் தாலாட்டு இருந்தது. மறுபடியும் போய்க் கேட்டோம். பாட்டி சிரித்தார். "பாதிதான்மா ஞாபகம் வருது" என்றார். அந்தப் பாதியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.